நடவுக்கு முன் பூக்கும் பயிர்



ஜப்பானில் கிஃபு என்றொரு மாநிலம். அந்த மாநிலத்தின் மலராக அவர்கள் அறிவித்திருப்பது ஓர் எருச்செடியை. நெல்வயலில் விதைப்பார்கள், பூத்து முடிவதற்குள் மண்ணோடு மடக்கி உழுதுவிடுவார்கள். உரத்துக்கென்று வளர்க்கும் செடிக்கு இப்படியொரு மரியாதை கிடைப்பது அபூர்வம்தான்.

அதற்கு அங்கே ரெங்கே என்று பெயர். தாவரவியலார் அஸ்ட்ராகலஸ் சினிகஸ் என்பார்கள். சீன மில்க்வெட்ச் என்றும் சொல்வதுண்டு. அவரை, உளுந்து போலவே பயறுக் குடும்பத்துச் செடி. அஸ்ட்ராகலஸ் என்ற பேரினத்தில் ஏறத்தாழ 3000 இனங்கள் இருக்கின்றன. பூக்கும் தாவரங்களில் இதைவிடப் பெரிய பேரினம் கிடையாது. ஈரானில் ஒரு வகையின் தண்டைக் கீறிப் பிசின் எடுக்கிறார்கள். சீன வைத்தியத்தில் இன்னொன்றின் வேர் மருந்து. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் சில வகைகளை மேய்ந்த குதிரைகள் பித்துப் பிடித்தாற்போல் தள்ளாடும். ஒரே வம்சத்தில் மருந்தும் உண்டு, விஷமும் உண்டு.

நம் செடி சாது. சீனாவில் தானாக முளைத்துக் கிடந்தது. ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரம். தண்டு தரையோடு படர்ந்து நுனியில் நிமிரும். முருங்கை இலையைவிடச் சிறிய சிற்றிலைகள் காம்பின் இருபுறமும் வரிசையாக இருக்கும். நீண்ட காம்பின் உச்சியில் ஏழெட்டுப் பூக்கள் வட்டமாகக் கூடி, வெளிர் ஊதாவும் இளஞ்சிவப்புமாக மலரும். காய் முற்றினால் கறுத்துவிடும்.

இதை வளர்க்கும் முறையில் ஒரு சிக்கனம் இருக்கிறது. தனியாக உழவு வேண்டாம். இலையுதிர் காலத்தில், நெல் அறுவடைக்கு முன்பே தண்ணீரை வடித்துவிட்டு, நிற்கும் பயிருக்குள்ளேயே விதையைத் தூவிவிடுவார்கள். ஏக்கருக்குச் சுமார் 12 கிலோ. விதையின் தோல் கெட்டி, ஆகவே மணலோடு தேய்த்து விதைக்கும் பழக்கமும் உண்டு. நெல்லை அறுத்ததும் முளைத்த செடிக்கு வெளிச்சம் கிடைத்துவிடும். குளிர்காலம் முழுக்கத் தாழ்ந்து கிடந்து, ஏப்ரலில் சரசரவென்று ஏறிப் பூக்கும். ஈரம் பிடிக்கும், தேங்கிய நீர் பிடிக்காது. அதனால் வடிகால் வாய்க்கால் அவசியம்.

நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாக மடக்கி உழ வேண்டும். தழை மக்காமல் நாற்றை நட்டால் சேற்றில் வாயு கிளம்பி வேரைக் கெடுக்கும். ஹெக்டேருக்கு 20 டன் பசுந்தழை விளைந்தால் 60 முதல் 80 கிலோ வரை தழைச்சத்து மண்ணுக்குச் சேரும்.

அந்தச் சத்து எங்கிருந்து வருகிறது? செடியைப் பிடுங்கி வேர்முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அங்கே குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. ஆனால் இந்தச் செடி கண்ட பாக்டீரியாவையும் உள்ளே விடாது. அதற்கென்று தனி இனம் வேண்டும். சீன மண் நுண்ணுயிரியலாளர் சென் ஹுவாகுயியின் பெயரையே அந்த பாக்டீரியாவுக்கு வைத்திருக்கிறார்கள். அது இல்லாத புது நிலத்தில் விதைத்தால் செடி மஞ்சளடித்து நிற்கும். பழைய வயலிலிருந்து கொஞ்சம் மண் அள்ளிவந்து தூவினால் தேறிவிடும்.

அமெரிக்க மண்ணியல் அறிஞர் எஃப். எச். கிங் 1909இல் சீனாவைச் சுற்றிப் பார்த்தபோது, உழவர்கள் இந்தத் தழையை அறுத்து, வாய்க்கால் சேற்றோடு அடுக்கடுக்காகக் குவித்துப் புளிக்கவிட்டு, பிறகு சுமந்து போய் வயலில் போடுவதைக் கண்டு எழுதினார். எத்தனை ஆள் உழைப்பு என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

இவ்வளவு நல்ல செடி ஜப்பானில் ஏன் குறைந்தது? மலிவான ரசாயன உரம் வந்தது என்பது பாதிப் பதில். என் கணிப்பில் பெரிய காரணம் நாட்காட்டி. இயந்திர நடவு வந்தபின் நடவு முன்னுக்கு நகர்ந்தது. செடி பூத்துத் தழைத்து நிறையும் நேரத்தில் வயல் நாற்றுக்குத் தேவைப்பட்டது. மூட்டை உரத்துக்குக் காத்திருப்பு இல்லை. ரெங்கேவுக்கு அரை வருடம் வேண்டும். போதாக்குறைக்கு, 1982இல் அல்ஃபால்ஃபா கூன்வண்டு என்ற வெளிநாட்டுப் பூச்சி தென்ஜப்பானில் நுழைந்து, இலையையும் மொட்டையும் தின்ன ஆரம்பித்தது. அதில் அதிகம் நொந்தவர்கள் தேனீ வளர்ப்பவர்கள். ரெங்கே தேன் அங்கே முதல் தரத் தேன். இன்று பல ஊர்களில் இந்தச் செடியை விதைப்பதற்கு எருவைவிடத் தேனும், வேடிக்கை பார்க்க வரும் கூட்டமுமே காரணம்.

நம் வயலில் இது வருமா என்று சிலர் கேட்கக்கூடும். தஞ்சாவூர் வெயிலில் வராது. இது குளிர்காலச் செடி. வரவேண்டிய அவசியமும் இல்லை. நமக்கென்றே எருச்செடிகள் இருக்கின்றன. தக்கைப்பூண்டு 45 நாளில் மடக்கி உழத் தயாராகிவிடும். கொளிஞ்சியோ இன்னும் பொருத்தம். அதன் விதைத்தோலும் கெட்டி, அதையும் மணலோடு தேய்த்துத்தான் விதைக்க வேண்டும். மாடு அதை விரும்பி மேயாது என்பதால் வேலி கட்டும் செலவும் மிச்சம். குறுவைக்கு முன் நிலம் சும்மா கிடக்கும் கோடையில் உங்களுக்கு எத்தனை நாள் கையில் இருக்கிறது என்று முதலில் எண்ணிக்கொள்ளுங்கள். எந்த விதை வாங்குவது என்பது அதற்குப் பிறகுதான்.