வாய்க்காலை வெட்டியது யார்?

(செங்கல்பட்டில் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோடை லீவு வந்தால் நம் வீடுகளில் ஒரே கேள்விதான்: பிள்ளைகளை என்ன செய்வது? ஆலைக்குப் போகிறவர் ஷிப்டுக்குப் போய்விடுகிறார். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற தாய் விடியுமுன்பே போய்விடுகிறாள். பிள்ளை தெருவில் நிற்கிறது. இந்த லீவில் நாங்கள் சிலர் சேர்ந்து பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுத்தோம். புத்தகத்தை வைத்து அல்ல. பனங்காய், கயிறு, பலகை, மண்கூடை, தராசு, இவற்றை வைத்து!

முதல் நாள் நுங்கு வண்டி. நுங்கு எடுத்த பனங்காய் இரண்டைக் குச்சியில் கோத்துக் கவைக்கோலால் தள்ளுகிற வண்டி. இதை நாங்கள் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள்தான் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். அச்சு எது, ஆரம் எது, வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை ஏன் என்று பேச்சு அங்கிருந்து வளர்ந்தது.

மறுநாள் மாமல்லபுரம். ஐந்து ரதங்களின் முன்னே நின்று ஒரு பையன், "சக்கரம் எங்கே?" என்று கேட்டான். சிரித்தவர்களும் உண்டு. ஆனால் அது சரியான கேள்வி. ஏழாம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து செதுக்கிய கோயில்கள் அவை. ரதம் என்பது பின்னால் ஜனங்கள் வைத்த பெயர். ஓடாத ரதத்தைப் பார்க்க உலகமே வருகிறது. நன்று, வரட்டும். அலையில் ஓடிய கட்டுமரத்தையும் பிள்ளை பார்க்க வேண்டாமா? கடற்கரையில் மீனவப் பெரியவர் ஒருவர் நான்கு கட்டைகளை வைத்து முடிச்சுப் போடக் காட்டினார். இப்போது அங்கே எஞ்சின் பூட்டிய பைபர் படகுகளே அதிகம். ஆனாலும் அவர் கை முடிச்சை மறக்கவில்லை. "ஆணி ஏன் இல்லை தாத்தா?" என்று கேட்டார்கள். இறுக்கி அடித்தால் அலை உடைக்கும், கட்டினால் வளைந்து கொடுக்கும் என்றார். சென்னைக்குத் துறைமுகம் வருமுன்னர் கப்பலிலிருந்து சரக்கையும் துரைமார்களையும் கரை சேர்த்த மசூலாப் படகும் இப்படிக் கயிற்றால் தைத்ததுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறோம். மாமல்லபுரத்துக்கு மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய் இருக்கிறது. பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போது நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் காக்கிநாடா பக்கத்திலிருந்து மரக்காணம் வரையில் கடலோரமாகப் படகு போன வழி அது. கோவளம் பக்கத்து உப்பும், சவுக்கு விறகும் இதன் வழியேதான் சென்னைக்குப் போயின. ஏன் படகு? பிள்ளைகளை ஏரிக்கு அழைத்துப் போய் ஒரு பலகையின் மேல் நான்கு செங்கல் வைத்து நூலால் இழுக்கச் சொன்னோம். தரையில் நூல் அறுந்தது. தண்ணீரில் சின்னப் பெண் இழுத்துக்கொண்டு நடந்தாள். இரண்டு மாடு இழுக்க முடியாத பாரத்தைக் கரையில் நடந்தே இரண்டு ஆள் இழுத்தது எப்படி என்று அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த வாய்க்காலை வெட்டியது யார்? பாடத்தில் பெயர் இருக்கிறது: கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு. தோழர்களே, அந்தப் பிரபு ஒரு கூடை மண்கூட எடுக்கவில்லை! கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டு 1877-78ல், தாது வருஷப் பஞ்சத்தில் வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் பஞ்சம் பிழைக்க வந்த ஜனங்கள். 1877 ஜனவரியில் டில்லியில் தர்பார் நடத்திய வைசிராய் லிட்டன், அதே மாதம் டெம்பிள் துரையைச் சென்னைக்கு அனுப்பினார். அந்தத் துரை வகுத்த கூலி என்ன? ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம், ஓரணா. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதற்கும் குறைவு. சென்னை சர்க்காரின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ், வெள்ளைக்காரர்தான், இது போதாது, ஒன்றரை ராத்தலும் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். மார்ச்சில் ஓரளவு கூட்டிக் கொடுத்தார்கள். அதே பஞ்ச காலத்தில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய கோதுமை சுமார் 3,20,000 டன்!

தராசில் 450 கிராம் அரிசியை ஒரு பக்கமும் 680 கிராமைப் பருப்போடு இன்னொரு பக்கமும் வைத்தோம். பிறகு மண்கூடை. இங்கே ஒரு தாய் எங்களை மடக்கினார். "எங்க புள்ள மண் சொமக்கக் கூடாதுன்னுதானே பள்ளிக்கூடம் அனுப்பறேன். நீங்களும் கூடையத்தான் குடுக்கிறீங்களா?" என்றார். எங்களுக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னது நியாயம். ஆளுக்கு ஐந்து கூடையோடு நிறுத்தினோம். மீதியைக் கணக்குப் போட்டார்கள். ஐந்து கூடைக்கே மூச்சு வாங்கியவன் மீண்டும் அந்த 450 கிராம் குவியலைப் போய்ப் பார்த்தான். அந்தத் தாயும் வந்து பார்த்தார். "கொழம்பு இல்லாம வெறுஞ்சோறு" என்றார். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசி நாள் சாலை. இந்த ஜில்லாவில் மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். பொதுச் சாலையில், தெருவில் யாரும் நடக்கலாம், பொதுக் கிணற்றில் யாரும் நீர் எடுக்கலாம் என்று 1924ல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியவர். நடப்பதற்கே தீர்மானமா என்று பிள்ளைகளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆகவே ஊரைச் சுண்ணாம்பால் தரையில் வரைந்தோம்: சேரி, ஊர்த் தெரு, ஏரிக்கரை, பள்ளிக்கூடம். ஒரு பாட்டியை அழைத்து, "சின்ன வயதில் எந்த வழியாகப் போவீர்கள், நடந்து காட்டுங்கள்" என்றோம். தீர்மானம் வந்து பல வருஷம் கழித்துப் பிறந்தவர் அவர். ஊர்த் தெருக் கோட்டை மிதிக்காமல் ஏரிக்கரைக் கோட்டோடு சுற்றிக்கொண்டு போனார். பேத்தி பின்னாலேயே எட்டு வைத்து எண்ணிக்கொண்டு போனாள். நேர் வழி 40 எட்டு. பாட்டி நடந்தது 112.

அந்தக் கணக்கை நோட்டில் எழுதியிருக்கிறார்கள். வாசலில் வைத்திருக்கிறோம், பாருங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கால்வாய்க் கரைக்கு மறுபடி போகிறோம். உப்புப் படகு இழுத்தவர்களோ, இழுத்ததைப் பார்த்தவர்களோ உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் தயவுசெய்து அழைத்து வாருங்கள். கூட ஒரு நல்ல கயிறும் வேண்டும்.