மாதிரிக் காருக்குப் புகைக்குழாய்



மரக்காணத்து உப்பளங்களில் உப்புநீர் இறைக்கும் எண்ணெய் எஞ்சினைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு உருளை ஒன்று; புகை போக்கும் குழாயும் ஒன்று. சிக்கல் ஏதுமில்லை. நான்கு உருளைகள் கொண்ட மோட்டார் காரிலோ, நான்கு வாய்களிலிருந்து வரும் புகையை ஒரே குழாயில் சேர்த்தாக வேண்டும். அவ்வாறு சேர்க்கும் எஃகுக் குழாய்த் தொகுதியைப் பந்தயக்காரர்கள் ‘ஹெடர்’ என்பர். அசலில் இருபத்துநான்கில் ஒரு பங்கான மாதிரிக் காருக்கு அதனை நம் கையாலேயே செய்வதைப் பற்றிப் பேசப்போகிறேன்.

1961 முதல் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை எடுத்துக்கொள்வோம். அதன் உருளைகள் 1, 3, 4, 2 என்ற வரிசையில் வெடிக்கும். ஆலையில் பொருத்தியது வார்ப்பிரும்புக் கிளைக்குழாய். உறுதியானது, ஆனால் குட்டையானது. பந்தயத்திற்கு அணியமாக்குவோர் இத்தகையதைக் கழற்றிவிட்டு நீண்ட எஃகுக் குழாய்களை இணைப்பது வழக்கம். சென்னைக்கு வடக்கே சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்திலும், பின்னர் 1990இல் திறக்கப்பெற்ற இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் ஓடிய வண்டிகளின் முழக்கத்தில் இக்குழாய்களுக்கும் பங்குண்டு.

உப்பளத்து வாய்க்கால்களை நினைத்துப் பாருங்கள். இரண்டு வாய்க்கால்கள் ஒரே வேளையில் எதிரெதிரே வந்து முட்டினால் நீர் சுழன்று தேங்கும். சாய்வாக வந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தாலோ தடையின்றி ஓடும். புகையும் அப்படித்தான். ஆதலின், நான்கை முதலில் இரண்டாகவும் பிறகு ஒன்றாகவும் சேர்க்கும்போது, ஒன்றாம் உருளையை நான்காவதோடும், இரண்டாம் உருளையை மூன்றாவதோடும் இணைக்கவேண்டும். அப்போதுதான் ஒவ்வோர் இணையிலும் இரு வெடிப்புகளுக்கிடையே அச்சுத்தண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். ஒன்றையும் மூன்றையும் இணைத்துவிட்டால் அரைச்சுற்றிலேயே மோதல். மாதிரிக் காரில் புகையே வராதே, எப்படி இணைத்தால் என்ன என்று கேட்பீர்கள். பொம்மைக்கும் மாதிரிக்கும் வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

இனிக் கைவேலை. வீட்டு மின்கம்பியில் ஒற்றை இழைச் செம்புக்கம்பி ஏற்றது. பல இழைக் கம்பி உதவாது. கடையில் 1.5 என்று கேட்டு வாங்கும்போது கவனியுங்கள்: அது குறுக்குப் பரப்பின் சதுர மில்லிமீட்டர், விட்டமன்று. விட்டம் ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டரே. இருபத்துநான்கால் பெருக்கினால் 33 மில்லிமீட்டர் வரும். சிறிய எஞ்சினின் குழாய்க்குப் பொருத்தமே. கணக்குப் பாடம் பயன்படும் இடம் இது!

மேலுறையை உரித்துவிட்டு, பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, கம்பியைச் செந்நிறம் ஏறும்வரை சூடாக்கி நீரில் இடுங்கள். எஃகு இவ்வாறு செய்தால் இறுகும், செம்போ இளகும். நான்கு துண்டுகளையும் முதலிலேயே ஒரே நீளத்தில், 35 மில்லிமீட்டராக நறுக்கிவிடுங்கள். வளைத்தபின் நறுக்குவோரே பெரும்பாலோர். அவர்களது குழாய்கள் நான்கும் நான்கு நீளம். நீளம் ஒன்றாயிருக்கவேண்டுமானால், சேருமிடத்திற்குத் தொலைவிலுள்ள குழாய் ஏறக்குறைய நேராகச் செல்லும். அருகிலுள்ளது வளைந்து சுற்றி வரும். அசல் ஹெடரின் பாம்புப் பின்னலுக்குக் காரணம் அழகன்று, இந்தச் சமநீளமே. ஆணியொன்றின்மீது வைத்து, விரலால் மெல்ல வளையுங்கள். குறடு தழும்பு உண்டாக்கும்.

தகர டப்பாவில் வெட்டிய பட்டையில் நான்கு துளைகளிட்டு, மரக்கட்டையில் அறைந்து, கம்பிகளை நிறுத்திப் பற்றவையுங்கள். பற்றாசில் ஈயம் இருக்கலாம். சன்னலைத் திறந்து வைத்து வேலை செய்து, முடிந்ததும் கைகளைக் கழுவுங்கள்.

நம் கடற்கரையில் ஒரு வேலை கூடுதல். பற்றுப்பசையின் மிச்சமும் உப்புக்காற்றும் கூடினால் செம்பு சில நாளில் பச்சை பூக்கும். வெந்நீரில் தேய்த்துக் கழுவி, நன்கு உலர்த்தியபின் எஃகு நிறம் பூசுங்கள். பூசாத எஃகு சூடேற ஏற முதலில் வைக்கோல் நிறமும், பிறகு ஊதாவும், அதன்பின் நீலமும் கொள்ளும். ஆகவே எஞ்சினையொட்டி நீலத்தையும், கீழே செல்லச் செல்ல வைக்கோல் நிறத்தையும் மெல்லிய தூரிகையால் இடுங்கள். உங்கள் கார் மரக்காணத்து வண்டியாயின், கடைசி முனையில் சிறிது செங்கல் தூளைத் தடவினால் துரு வந்துவிடும்.