விரைவைப் படம் பிடித்தல்



ஓடும் மோட்டார் வண்டியைப் புகைப்படம் எடுத்தவர் சில வேளைகளில் ஒரு கேள்விக்கு விடை கூற இயலாமல் நிற்பார். படம் தெளிவாகவே இருக்கும். ஆயினும் பார்ப்பவர், "வண்டியை எங்கே நிறுத்தி வைத்து எடுத்தீர்கள்?" என்று கேட்பார். மணிக்கு 72 கிலோமீட்டர் விரைவில் செல்லும் வண்டி, ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் 2 சென்டிமீட்டரே நகரும். காமிராவின் ஷட்டர் அவ்வளவு குறைந்த நேரம் திறந்து மூடினால் வண்டி படத்தில் அகப்படும், விரைவு அகப்படாது.

விரைவையும் அகப்படுத்த ஒரு முறை உண்டு. ஷட்டரைச் சற்று நீண்ட நேரம் திறந்துவைத்து, வண்டி செல்லும் விரைவிலேயே காமிராவையும் உடன் திருப்புவது அம்முறை. பானிங் என்பது அதன் பெயர். அவ்வாறு திருப்பினால் வண்டியின் உருவம் பிலிமில் ஒரே இடத்தில் நிலைத்திருக்கும். பின்னணியில் உள்ள மரமும் சுவரும் கோடுகளாக ஓடும்.

நான் இதனைக் கற்ற இடம் கரிவலம்வந்தநல்லூர். இன்று தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். பால்வண்ணநாதர் கோயில் கொண்டது. யானை வலம் வந்து வழிபட்ட நல்லூர் என்பது அப்பெயரின் பொருள். 1970-களில் ஒரு கோடை விடுமுறையில், அங்கே மாமா வீட்டில் பழைய பெட்டிக் காமிரா ஒன்று எனக்குக் கிடைத்தது. ஒரு பிலிம் சுருளில் 12 படங்கள். சங்கரன்கோவிலிலிருந்து இராசபாளையம் செல்லும் பேருந்துகளை, சாலையோரப் புளியமரத்தடியில் நின்று பன்னிரண்டு முறை எடுத்தேன். பன்னிரண்டும் வெறும் புகையாகவே வந்தன.

பிலிமைக் கழுவித் தந்த புகைப்பட நிலையத்து அண்ணாச்சி அதனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தம்பி, பஸ்ஸு நிக்கல, நீதான் நின்னுட்டே" என்றார். உண்மை அதுவே. பேருந்தோடு திரும்பிக்கொண்டே வந்த நான், பொத்தானை அழுத்தும் கணத்தில், கை அசைந்துவிடுமோ என்று அஞ்சி நின்றுவிட்டேன். அழுத்துவதற்கு முன்னும், அழுத்தும்போதும், அழுத்திய பின்னும் திரும்புதல் அறுபடக் கூடாது என்று அவர் சொல்லித் தந்தார்.

இரண்டாம் சுருள் வாங்கக் கையில் காசில்லை. பிலிம் இல்லாத காமிராவைக் கொண்டே மூன்று வாரம் பழகினேன். பாதங்களை ஊன்றி, முழங்கைகளை விலாவோடு அணைத்து, இடுப்பிலிருந்து மட்டும் திரும்ப வேண்டும். வண்டி தொலைவில் வரும்போது மெல்லத் திரும்பினால் போதும். நமக்கு நேரே வரும் கணத்தில் மிக விரைவாகத் திரும்ப வேண்டும். முன்னே சொன்ன அதே வண்டியை 10 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால், அக்கணத்தில் நொடிக்கு ஏறத்தாழ 115 பாகை வீதம் திரும்ப நேரும். 20 மீட்டர் தள்ளி நின்றால் 57 பாகை போதும். ஆகவே விலகி நிற்பதே கைக்கும் எளிது, உயிருக்கும் காப்பு.

பின்னர்ச் சென்னையில் கல்லூரியில் பயின்றபோது, சோழவரம் மோட்டார்ப் பந்தயத்துக்குச் சென்றேன். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமே அப்பந்தயக் களம். கோவை எஸ். கரிவர்தன் போன்ற வீரர்கள் ஓட்டிய இடம் அது. உணவுச் செலவில் மிச்சம் பிடித்து வாங்கிய ஒரே சுருள் என்னிடம் இருந்தது. அன்று 12 படங்களில் ஒன்றே தேறியது. அதில் ஓட்டுநரின் தலைக்கவசம் தெளிவாக இருந்தது, சக்கரங்கள் சுழன்றன, பின்னே நின்ற கூட்டம் முழுவதும் கோடுகளாகக் கரைந்திருந்தது. அப்படத்தைக் கண்ட எவரும் வண்டி நின்றதா என்று கேட்கவில்லை.

தேறாத பதினொன்றைப் பற்றியும் ஒரு சொல். பிரான்சு நாட்டு இளைஞர் ழாக் ஆன்றி லார்த்திக், 1912 அல்லது 1913-ஆம் ஆண்டில், ஒரு பந்தய வண்டியைத் தொடர்ந்து காமிராவைத் திருப்பினார். வண்டியின் விரைவை அவர் கை முற்றும் எட்டவில்லை. அவர் காமிராவின் ஷட்டர், திரைபோல் நகர்ந்து படத்தைப் பகுதி பகுதியாகப் பதிவுசெய்வது. எனவே சக்கரம் முன்னோக்கிச் சாய்ந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் பின்னோக்கிச் சாய்ந்தனர். அந்தப் பிழையே விரைவின் வடிவமாகி, பல பத்தாண்டுகளுக்குப் பின் உலகப் புகழ் பெற்றது.

1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் அமைந்தது. சோழவரத்து ஓடுதளத்தில் இன்று பந்தயம் இல்லை. பிலிம் செலவும் இன்று இல்லை. செல்பேசியிலேயே நூறு முறை எடுத்து நூறையும் அழித்துவிடலாம். ஆயினும் பழக்கம் விலைக்கு வருவதில்லை. ஊர்ச் சாலையில் ஒரு மிதிவண்டியைத் தொடர்ந்து பழகுங்கள். ஷட்டரை 30-இல் ஒரு பங்கு நொடிக்கு வைத்துத் தொடங்குங்கள். பொத்தானை அழுத்திய பின்னும் நின்றுவிடாதீர்கள்.