எந்தச் சிரிப்பு?



எட்டாம் வகுப்பில் எங்கள் ஆங்கில ரீச்சர் சிரிப்புக்கான சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் பாடமாக்கச் சொன்னார். கிகிள், சக்கிள், ஸ்னிகர், கஃபோ, சோர்ட்டில். ஐந்தையும் அவரே சிரித்தும் காட்டினார். கஃபோவுக்குப் பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது. அதன்பின் எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. 1962இல் தங்கனீக்காவில் கஷாஷா என்ற ஊரின் பெண்கள் விடுதிப் பாடசாலையில் இப்படித் தொற்றிய சிரிப்பு 159 பேரில் 95 பேரைப் பிடித்து, பாடசாலையையே மூட வைத்தது. நாங்கள் அந்தளவுக்குப் போகவில்லை. முழங்காலில் நின்றதோடு சரி.

தமிழில் 'சிரிப்பு' என்று ஒரே சொல்தானே இருக்கிறது என்று அன்று நினைத்தேன். அம்மம்மாவைக் கேட்டிருக்கலாம். கொக்கட்டம் விட்டுச் சிரிப்பது, கெக்கலி கொட்டுவது, முறுவலிப்பது, இளிப்பது, கொடுப்புக்குள் சிரிப்பது. இந்தக் கடைசிச் சிரிப்புக்குச் சரியான ஆங்கிலச் சொல் எனக்கு இன்னும் அகப்படவில்லை. ஸ்னிகரில் சத்தம் உண்டு, இதில் இல்லை. நமது அயலூர் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் பதிப்பித்த தொல்காப்பியப் பொருளதிகாரத்தில், எட்டு மெய்ப்பாடுகளில் முதலாவது நகை. அது பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு.

இனி, நான் விட்ட பிழைக்கு வருகிறேன். வைத்தியராகிச் சில வருடங்களே ஆன காலம். ஒரு தாய் நான்கு வயது மகனைக் கொண்டுவந்தார். "டொக்ரர், இவன் சும்மா சும்மா இளிக்கிறான்." நாங்கள் குறிப்பு எழுதுவது ஆங்கிலத்தில். 'கிகிள்' என்று எழுதினேன். சந்தோஷமான பிள்ளை, பயப்படாதேங்கோ என்று அனுப்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். என் முன்னாலேயே பிள்ளைக்கு அது வந்தது. வாய் இழுபட்டது, பல் தெரிந்தது, சிரிப்புச் சத்தம் கேட்டது. முகத்தில் ஒரு மகிழ்ச்சியும் இல்லை. சில விநாடிகளில் நின்றுவிட்டது. "இளிக்கிறான் எண்டுதானே சொன்னனான். சிரிக்கிறான் எண்டு சொல்லேல்லையே" என்றார் தாய்.

அது வலிப்பு. ஜெலாஸ்டிக் வலிப்பு என்போம்; சிரிப்புக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதலமஸில், பிறவியிலேயே அமைந்த சிறு திசுக்கட்டி பல பிள்ளைகளில் இதற்குக் காரணம். இந்தப் பிள்ளைக்கும் ஸ்கானில் அதுதான் தெரிந்தது. நோயின் பாதி அடையாளத்தைத் தாய் முதல் நாளே ஒரு சொல்லில் தந்திருந்தார். நான் அதை மொழிபெயர்த்துத் தொலைத்தேன்.

இப்போது தாய் சொல்லும் சொல்லை முதலில் தமிழிலேயே எழுதுகிறேன். ஆங்கிலம் அதற்குக் கீழே. பக்கத்தில் வேலை செய்பவர்கள் பகிடி பண்ணுவார்கள், பரவாயில்லை. முன்வரிசையில் இருக்கும் எங்கள் ரீச்சரும் இப்போது சிரிக்கிறார். கொடுப்புக்குள்தான்.