கம்பு ஒட்டு வித்துக்குப் பெற்றோரைத் தெரிந்தெடுத்தல்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு நிகழ்த்திய உபந்நியாசம்)



ஒட்டு வித்தின் குணமும் குற்றமும் அதனை ஈன்ற இரு பெற்றோரையே சார்ந்தவை. கம்புக் கதிரில் சூல்முடி முன்னும் மகரந்தம் பின்னுமாக வெளிப்படுவதால், பெரும்பாலும் அயற்செடியின் மகரந்தமே சேரும். எனினும் முழுமையான ஒட்டு வித்துப் பெற, மகரந்தம் தராத தாய் வேண்டும். அத்தகைய டிப்ட் 23ஏ என்னும் தாயை அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்து டிப்டனில் கிளென் பர்ட்டன் என்பார் உண்டாக்கினார். அதன் வழிவந்த எச்.பி. 1 என்னும் ஒட்டுக் கம்பு, 1965ஆம் ஆண்டில் இந்தியாவில் வெளியாகி, மிகுந்த விளைவு தந்தது.

பின்வந்த பல ஒட்டுகளுக்கும் அதுவே தாயாயிற்று. அதற்கோ அடிச்சாம்பல் நோயைத் தாங்கும் வலிமை இல்லை. 1970க்குப் பின்வந்த ஆண்டுகளில் அந்நோய் பரவியபோது, மணி பிடிக்கவேண்டிய கதிர்கள் பச்சிலைக் கொத்தாய் மாறின. ஒரு தாயின் குறை பல மாகாணங்களின் வயல்களில் நஷ்டமாய் முடிந்தது.

ஆதலின் பெற்றோரிடம் நோக்கவேண்டியவை நான்கு:

முதலாவது, தூய்மை. கதிருக்கு உறையிட்டுத் தன் மகரந்தத்தாலேயே பல தலைமுறை வித்தெடுத்து, செடிகள் ஒரே தன்மை அடையச் செய்யவேண்டும்.

இரண்டாவது, பொருத்தம். நெருங்கிய இனங்கள் கூடினால் வீரியம் குறையும். தோற்றத்தை மட்டும் நம்பலாகாது. பல தந்தையருடன் கூட்டி, பிறந்த பயிரைப் பல ஊர்களில் பயிரிட்டுப் பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

மூன்றாவது, நோய் தாங்கும் வன்மை. நோயை வேண்டுமென்றே வளர்த்துவைத்த நிலத்தில் விதைத்து, நிலைத்து நிற்பவற்றையே கொள்ளவேண்டும்.

நான்காவது, பூக்கும் காலம். தாயின் சூல்முடி வெளிப்படும் நாட்களில் தந்தை மகரந்தம் நிறைய உதிர்க்கவேண்டும். பிறக்கும் பயிருக்கு மகரந்தம் உண்டாக்கும் தன்மையையும் அதுவே அளிக்கவேண்டும். இல்லையேல் விவசாயியின் வயலில் மணி பிடிக்காது.

நம் சங்கம் ஒட்டு வித்து உற்பத்தியை மேற்கொண்டால், அவ்வயலைச் சுற்றி 200 மீட்டருக்குள் வேறு கம்பு இருத்தலாகாது. தாய் வரிசையில் மகரந்தம் உதிர்க்கும் செடி தோன்றின், உடனே பிடுங்கி எறிக. ஒட்டுப் பயிரில் விளைந்த மணியை மறுபடி வித்தாக வைத்தல் வீண். அடுத்த போகத்தில் குணங்கள் பிரிந்து பயிர் ஏறுமாறாகும்.

வித்து வாங்கும்போது விலையை மட்டும் கேளாமல், தாய் எது, நோய் தாங்குமா என்றும் கேளுங்கள். ஊர் முழுதும் ஒரே ஒட்டை விதையாமல், வெவ்வேறு தாய்வழி ஒட்டுகளைப் பகிர்ந்து விதையுங்கள். தனி விவசாயிக்கு அரிதான இக்காரியம் சங்கத்திற்கு எளிது என்று கூறி அமர்கின்றேன்.