தாங்குகிற உடம்பு என்று யார் சொன்னது?

 

மாதவிடாய் வலி பற்றி மேடையில் பேச எனக்கு இன்னும் கூச்சம்தான். ஆனாலும் பேசுகிறேன். 14 வயதில் தொடங்கிய என் அடிவயிற்று வலிக்கு, 26 வயதில்தான் பெயர் தெரிந்தது. "காட்டு வேலை செய்யுற சனம், இதெல்லாம் தாங்குவீங்க" என்றார் ஒரு மருத்துவர். "கல்யாணம் பண்ணிக் குழந்தை பெத்தா சரியாயிடும்" என்றார் இன்னொருவர். என் சித்திக்கு இதே வலி. முப்பது வயதிலேயே கருப்பையை எடுத்துவிட்டார்கள். என்ன நோய் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

என் நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்படலம் போன்ற திசு, சூலகம், குடல் என வெளியே வளர்வது. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. சிலருக்கு ஸ்கேனில் தெரியாது. ஸ்கேன் நார்மல் என்பதால் வலி பொய்யாகிவிடாது.

இதை முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. வலியைக் கட்டுப்படுத்த வழிகள் உண்டு. முதலில் மெஃபனமிக் ஆசிட், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள். அதோடு ஹார்மோன் சிகிச்சை: கருத்தடை மாத்திரை, டைனோஜெஸ்ட், கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம். திருமணமாகாதவர்களும் எடுக்கலாம். இவற்றில் கேட்காவிட்டால் ஊசி உண்டு. எலும்பு பலவீனமாகும் என்பதால் கண்காணிப்பு வேண்டும். லேப்ராஸ்கோபியில் கருப்பையை விட்டுவிட்டு அந்தத் திசுவை மட்டும் அகற்றலாம். கருப்பையை எடுப்பது கடைசி வழி. அதற்குப் பிறகும் வலி தொடரலாம். குழந்தை பெறுவது சிகிச்சையே அல்ல.

நான் டைனோஜெஸ்ட் எடுக்கிறேன். முதல் சில மாதங்கள் விட்டுவிட்டு உதிரம் பட்டது. இப்போது மாதத்தில் ஒருநாள்கூட வேலைக்கு விடுப்பு எடுப்பதில்லை. இந்தப் படிகளில் ஒன்றைக்கூட என் சித்திக்குக் காட்டவில்லை. நேரே கடைசிப் படியில் ஏற்றிவிட்டார்கள்.

அவர் ஒருவர் கதையல்ல இது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் தேவையின்றிக் கருப்பை அகற்றப்பட்டதை எதிர்த்து 2013இல் உச்சநீதிமன்றத்தில் வழக்கு தொடரப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பெண்கள் என்றது அவ்வழக்கு. 2023இல்தான் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்தில் நடைமுறைப்படுத்துமாறு மாநிலங்களுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது.

நம் பெண்ணின் வலியை முதலில் நம்ப மறுக்கிறார்கள். பிறகு உறுப்பையே வெட்டுகிறார்கள். இரண்டுக்கும் பின்னால் இருப்பது சாதி.

தோழர்களே, எந்தெந்த நாளில் எவ்வளவு வலி என்று எழுதி வையுங்கள். மருத்துவரிடம் "வேறு என்ன சிகிச்சை இருக்கிறது?" என்று கேளுங்கள். தனியே போகாதீர்கள், ஒரு தோழியை அழைத்துப் போங்கள். இந்த மருந்துகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டும் என்பதை நம் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்போம்.