முன்பல்லும் உடனடி வேரும்

மாதுங்காவிலும் செம்பூரிலும் ஒரே நாளில் புதுப்பல் என்று விளம்பரம் செய்யும் பலகைகளைக் கண்டிருப்பீர்கள். முன்பல் விழுந்தவன் நாலு பேர் நடுவே வாய்விட்டுச் சிரிக்கக் கூசுகிறான்; அப்பலகை அவனை ஈர்ப்பதில் வியப்பில்லை.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அங்கே ஓர் ஐயம். 'உடனடி' என்னும் அடைமொழி வேருக்கா, பல்லுக்கா? உண்மையில் வேருக்குத்தான். பல்லைப் பிடுங்கிய குழியிலேயே அன்றே டைட்டானியத் திருகு ஒன்றைப் பொருத்துகிறார்கள். இதுவே இம்பிளாண்ட். எலும்பு இவ்வுலோகத்தை இறுகப் பற்றும் எனக் கண்ட ஸ்வீடன் நாட்டுப் பிரோனமார்க் 1965இல் முதன்முதலாக ஒருவருக்கு இதைப் பொருத்தினார். அப்பற்றுதலுக்கு மூன்று முதல் ஆறு மாதம் வேண்டும். அதுவரை அணிவிக்கும் பல் பார்வைக்கே. முறுக்குக் கடிக்க உதவாது.

அடிபட்டுப் பல் இழந்தவனுக்குக் குழியைச் சுற்றிப் பெரும்பாலும் எலும்பு மிஞ்சியிருக்கும். ஈறுநோயாளிக்கோ பல் ஆடியதே எலும்பு கரைந்ததால்தான். மேல்முன்பல்லின் வெளிச்சுவர் இயல்பாகவே பலருக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிந்தது. அதுவும் கரைந்திருந்தால் திருகு எதைப் பற்றி நிற்கும்? ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, "இப்போது வேண்டாம், குழி ஆறட்டும்" என்று சொல்லும் மருத்துவரை நான் நம்புவேன்.

உலோகத்துக்கு ஏது நோய் என்பார்கள். சொத்தை விழாது, மெய்தான். ஆனால் ஈறைக் கெடுத்த அதே வகைக் கிருமிகள் திருகைச் சுற்றியும் குடியேறும். பெரும்பாலும் வலியின்றியே எலும்பு கரையும். ஆகவே ஈறு முதலில் குணமாக வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும். பீடியும், இங்கே ஈறில் தேய்க்கும் மிஸ்ரி என்னும் வறுத்த புகையிலைத் தூளும் ஒழிய வேண்டும். பொருத்திய பின்னரும் சில மாதங்களுக்கு ஒருமுறை ஈறைக் காட்டிவர வேண்டும்.

தாராவியில் விடியுமுன் இட்லி அவித்துச் சேர்த்த பணத்தை ஆடும் எலும்பில் இறைக்கலாமா? கழற்றி மாட்டும் பல் செட்டில் இழிவொன்றுமில்லை. முன்பணம் கட்டுமுன், மும்பை சென்ட்ரல் அருகே 1933 முதல் நடந்துவரும் மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவக் கல்லூரியில் காட்டி யோசனை கேளுங்கள். செம்பூர்க்காரர்கள் துறைமுக ரயிலில் கடைசி நிலையம்வரை சென்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரி பக்கந்தான். சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டையும், எலும்புத் தேய்வுக்கு மருந்து உண்போர் அம்மருந்தின் பெயரையும் மறவாது கொண்டு செல்லுங்கள்.